கட்டிட வேலையில் வழங்கும் சொற்கள்: சங்க அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

கிராமத்து ஐக்கிய சங்கம் ஒன்று நெல் கிடங்கோ, உரக் கிடங்கோ, பால் சேகரிக்கும் அறையோ கட்ட முற்படும்போது, சங்கத்தின் பணம் அங்கத்தினர்க்குப் பழக்கமில்லாத ஒரு பாஷையில் செலவாகத் தொடங்குகிறது. கடன் கணக்கும் வட்டிக் கணக்கும் பஞ்சாயத்தார்க்கு, அதாவது நிர்வாகக் குழுவினர்க்கு, நன்கு தெரிந்த விஷயங்கள். ஆனால் எஸ்டிமேட்டில் "பி.சி.சி.", "ஆர்.சி.சி.", "எம் 20", "கவர்", "க்யூரிங்" என்னும் சொற்கள் வரும்போது, அவற்றின் பொருளைக் கேட்பது கௌரவக் குறைவு என்று எண்ணி அவர்கள் மௌனமாய் இருந்துவிடுகிறார்கள். அளவுப் புத்தகத்தில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. இரண்டு மழைக்காலம் சென்றபின் தளம் ஒழுகி நெல் மூட்டை முளைவிடும்போது, காண்ட்ராக்டரின் பட்டியல் பைசல் செய்யப்பட்டு வெகுநாள் ஆகியிருக்கும். அந்த நஷ்டம் பங்குத்தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினரையும் சேர்கிறது.

ஆகையால் கொத்தனார், மேஸ்திரி, எஞ்சினீயர் ஆகியோர் வாயில் வழங்கும் முக்கியமான சொற்களுக்கு இங்கே பொருள் கூறப்படுகிறது. கட்டிடத்தின் பிளானையும் கம்பிக் கணக்கையும் தகுதி பெற்ற எஞ்சினீயரே தயாரிக்க வேண்டும், அதில் மாறுபாடில்லை. எஞ்சினீயர் எழுதிக் கொடுத்தபடி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது பஞ்சாயத்தாரின் கடமை. அதற்குச் சொற்களின் பொருள் தெரிந்திருந்தால் போதும்.

அளவைச் சொற்கள்

"சதுரம்" என்பது 100 சதுர அடி. தளம், பூச்சு முதலிய பரப்பு வேலைகள் சதுரக் கணக்கில் பேசப்படும். "யூனிட்" என்பது 100 கன அடி. மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும். லாரியின் உட்புறத்து நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி கிடைக்கும். இறக்குவதற்கு முன்பே அளக்க வேண்டும். குவியலாய்க் கொட்டியபின் அளப்பது கடினம். "ரன்னிங் அடி" என்பது நீளத்தை மாத்திரம் கணக்கிடுவது. அகலமும் உயரமும் ஒப்பந்தத்தில் முன்னரே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றேல் கைப்பிடிச்சுவர் போன்ற வேலைகளில் வீண் வழக்கு உண்டாகும்.

"தூக்குக்குண்டு" சுவர் செங்குத்தாய் எழும்புகிறதா என்று காட்டும். "ரசமட்டம்" படுக்கை மட்டத்தைக் காட்டும். "மூலைமட்டம்" மூலை நேர்கோணமாய் இருப்பதைக் காட்டும். மூலைமட்டம் இல்லாத இடத்தில், ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை நேரானது என்று அறியலாம்.

வானமும் கடைக்காலும்

அஸ்திவாரத்திற்காக மண்ணை வெட்டி எடுக்கும் பள்ளத்தை "வானம்" என்றும், அதிலிருந்து எழுப்பும் கட்டுமானத்தைக் "கடைக்கால்" என்றும் கூறுவர். தரைமட்டத்திற்கு மேல் அறையின் தளம் வரையுள்ள பகுதி "பேஸ்மட்டம்" எனப்படும். வானத்தின் அடியில் முதலில் போடப்படும் கம்பியில்லாத காங்கிரீட்டே "பி.சி.சி." ஆகும். பெரும்பாலும் 1 பங்கு சிமெண்டு, 4 பங்கு மணல், 8 பங்கு ஒன்றரை அங்குல ஜல்லி என்ற கணக்கில் இது போடப்படும்.

வானத்தின் ஆழம் மண்ணைப் பொறுத்தது. மதுரையைச் சுற்றிலும் மண் ஒரே விதமாய் இல்லை. வைகைக் கரையில் வண்டலும் மணலும், சில பக்கங்களில் செம்மண்ணும் சரளையும், திருமங்கலம், கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி பக்கங்களில் கரிசலும் காணப்படுகின்றன. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கி வெடிக்கும் என்பதை அந்தப் பக்கத்துக் குடியானவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்திக்கு நன்மை செய்யும் அதே குணம் சுவருக்குத் தீங்கு செய்கிறது. வெடிப்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கும் கீழே கடைக்கால் இறங்க வேண்டும். பெரிய கட்டிடமாயின், நிலத்தில் துளையிட்டு அடியில் குமிழ்போல் அகலப்படுத்திக் காங்கிரீட் நிரப்பும் "அண்டர்-ரீம்" தூண்களை எஞ்சினீயர்கள் சிபாரிசு செய்வர். இம்முறை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்க்கப்பட்டதாகும். பக்கத்து ஊரில் செம்மண்ணில் போட்ட கடைக்காலைப் பார்த்துக் கரிசலிலும் அதே ஆழம் போதும் என்று தீர்மானிப்பது பெரும் பிழை.

பேஸ்மட்டத்தின் மேல் சுவர் தொடங்குமுன் போடும் நீர்புகாத அடுக்கு "டி.பி.சி." எனப்படும். நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலேறுவதை நம்மவர் "ஓதம் ஏறுதல்" என்பர். டி.பி.சி. இல்லாத கிடங்கில் சுவரோரத்து மூட்டைகள் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். செலவு சிறிதாயினும் பின்னால் சேர்க்க இயலாத வேலை இது.

சுண்ணாம்பும் சுர்க்கியும்

சிமெண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே மதுரையில் உறுதியான கட்டிடங்கள் எழுந்துள்ளன. 1636-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதென வழங்கும் திருமலை நாயக்கர் மகாலின் பிரமாண்டமான தூண்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவற்றின் மேல் முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பளபளப்பைத் தந்தது.

சுண்ணாம்பு என்பது சுக்கான் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றுவதால் கிடைப்பது. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப்பட்டு மெதுவாய் இறுகும். ஓயாமல் நீரில் கிடக்கும் இடத்தில் சரிவர இறுகாது. அத்துடன் சுட்ட செங்கற்பொடியைச் சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும். அப்பொடிக்கே "சுர்க்கி" என்று பெயர். ரோமாபுரியார் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்துத் துறைமுகங்கள் கட்டியதும் இதே தத்துவத்தின் மேல்தான்.

இதற்கு மதுரைச் சீமையின் பெரிய உதாரணம் பெரியாறு அணையாகும். மேற்கே பாய்ந்து வீணான பெரியாற்று நீரை மலையில் தேக்கி, சுரங்கத்தின் வழியாய்க் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பி, மேலூர் முதலிய பகுதிகளுக்குப் பாசனம் கொடுத்த அந்த அணை, ஜான் பென்னிகுயிக் என்னும் எஞ்சினீயரின் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிவுற்றது. நீளம் சுமார் 1,200 அடி. அஸ்திவாரத்திலிருந்து உயரம் சுமார் 176 அடி. வெளிப்புறம் கருங்கல் கட்டு. உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காங்கிரீட். போர்ட்லண்டு சிமெண்டு இங்கிலாந்தில் 1824-இலேயே ஜோசப் ஆஸ்ப்டின் என்பவரால் பதிவு செய்யப்பட்டிருந்தும், இந்த அணையின் உட்கட்டு சுண்ணாம்பையும் செங்கற்பொடியையும் கொண்டே செய்யப்பட்டது.

சுர்க்கியின் தத்துவம் இன்றும் வழக்கொழிந்து போகவில்லை. கடைகளில் விற்கும் "பி.பி.சி." சிமெண்டில், அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் நுண்ணிய சாம்பல் சேர்க்கப்படுகிறது. சுர்க்கி செய்த வேலையையே அச்சாம்பலும் செய்கிறது. "ஓ.பி.சி." என்பது அச்சாம்பல் சேராத சாதாரண சிமெண்டு. பி.பி.சி. கலப்படச் சிமெண்டு என்று சிலர் ஒதுக்குவது தவறு. அது சற்று மெதுவாய் வலுப்பெறும். ஆகையால் அதிக நாள் நனைக்க வேண்டும். இவ்விரண்டில் எது வந்திருக்கிறது என்பதை மூட்டையின் மேல் படித்துக்கொள்ளலாம். தயாரித்த வாரமும் மாதமும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதனை செய்யாமல் உபயோகிக்கலாகாது. மூட்டைகளைப் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல், பத்துக்கு மேற்படாமல் அடுக்க வேண்டும்.

சாந்தும் காங்கிரீட்டும்

சிமெண்டு என்பது தூள். சிமெண்டும் மணலும் நீரும் சேர்ந்தது "சாந்து" அல்லது "கலவை". அத்துடன் ஜல்லியும் சேர்ந்தது "காங்கிரீட்". "சிமெண்டுத் தளம்" என்று பொதுவாய்ச் சொல்வதால், சாந்துப் பூச்சை மாத்திரம் போட்டுவிட்டுக் காங்கிரீட் தளத்திற்குப் பணம் கேட்க இடமுண்டாகிறது. எஸ்டிமேட்டில் எச்சொல் எழுதப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1:6 என்றால் 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல். ஒன்பது அங்குலச் சுவருக்கு இது போதுமானது. நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 வேண்டும். 1:2:4 என்றால் மூன்றாவது எண் ஜல்லியைக் குறிக்கும். "எம் 15", "எம் 20" என்பவை காங்கிரீட்டின் வலுவைக் குறிப்பவை. எம் 20 என்பது, அக்காங்கிரீட்டால் செய்த 15 சென்டிமீட்டர் கனக்கட்டி 28-ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தத்தை, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதாம். சிறு வேலைகளில் 1:2:4 கலவையை எம் 15 என்றும், 1:1½:3 கலவையை எம் 20 என்றும் கொள்வது வழக்கம். இந்திய நிர்ணய விதிகளின்படி, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு எம் 20-க்குக் குறைந்தது உதவாது. பழைய பழக்கத்தால் தளத்திற்கு 1:2:4 போதும் என்று யாரேனும் கூறினால் ஒப்புக்கொள்ளக்கூடாது.

பங்கு என்பது எதன் பங்கு? 50 கிலோ சிமெண்டு மூட்டையின் கன அளவு சுமார் 1¼ கன அடி. உட்புறம் 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் கொண்ட பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொண்டால், அதில் ஒரு பெட்டி ஒரு மூட்டைக்குச் சமம். எம் 20-க்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணலும் மூன்று பெட்டி ஜல்லியும் போட வேண்டும். சட்டிக் கணக்கில் போட்டால், காலையில் நிறைந்து வரும் சட்டி மாலையில் குறைந்து வரும். இப்பெட்டியின் செலவு அற்பம். அதனால் தவிர்க்கப்படும் நஷ்டம் அதிகம்.

மணலும் ஜல்லியும்

"முக்கால் ஜல்லி" என்பது 20 மில்லிமீட்டர். தளத்திற்கும் தூணுக்கும் உரியது. "ஒன்றரை ஜல்லி" 40 மில்லிமீட்டர். கடைக்கால் அடிப்பரப்புக்கு உரியது. ஆற்று மணல் அரிதாகிவிட்டதால் பாறையை உடைத்துச் செய்யும் "எம்-சாண்ட்" பரவியுள்ளது. முறைப்படி சலித்துக் கழுவிய எம்-சாண்ட் நல்ல சரக்கே. ஆனால் ஜல்லி உடைக்கும்போது விழும் "டஸ்ட்" எம்-சாண்ட் ஆகாது. அதில் மாவு போன்ற தூள் மிகுதி.

மணலில் வண்டல் கலந்திருப்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மேல் மணலிட்டு, நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்கு குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணல் கீழே படியும். வண்டல் அதன்மேல் தனி அடுக்காய் நிற்கும். மணல் 12 விரல் உயரம் இருந்தால் வண்டல் ஒரு விரலுக்கு மேற்படலாகாது.

"மணல் உப்புதல்" என்பது மற்றொன்று. லேசான ஈரமுள்ள மணல், உலர்ந்த மணலைவிட நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு அதிக இடம் கொள்ளும். இதனால் ஈரமணலை யூனிட் கணக்கில் வாங்குவோர் மணலுக்குப் பதில் காற்றை விலைக்கு வாங்குகிறார்கள். கலவையிலும் மணல் குறைந்து, காங்கிரீட்டில் பொந்துகள் விழுகின்றன. ஒரு தம்ளரில் ஈரமணலைத் தளர நிரப்பி மட்டம் செய்து, வேறு பாத்திரத்தில் கொட்டி வைத்துக்கொண்டு, தம்ளரில் பாதி நீர் விட்டு அம்மணலைச் சிறிது சிறிதாய் மறுபடி இட்டுக் கிளறினால் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரியும். அந்த அளவுக்கு மணலைக் கூட்டி அளக்க வேண்டும்.

தண்ணீர்

1918-இல் அமெரிக்க தேசத்து டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் பல சோதனைகளின் முடிவில் ஓர் உண்மையை வெளியிட்டார். காங்கிரீட்டின் வலு, சிமெண்டின் எடைக்கு எவ்வளவு நீர் சேர்க்கிறோம் என்பதையே முக்கியமாய்ப் பொறுத்துள்ளது. நீர் மிகுந்தால் வலு குறையும். காரணம் யாதெனில், சிமெண்டு தனக்கு வேண்டிய நீரையே ஏற்கும். மிகுந்த நீர் பின்னர் ஆவியாய்ப் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை விட்டுச் செல்கிறது. அத்துவாரங்களின் வழியே மழைநீர் இறங்குகிறது.

எம் 20 காங்கிரீட்டில் ஒரு மூட்டைக்கு நீர் 27 அல்லது 28 லிட்டருக்கு மேற்படாமல் இருப்பது நன்று. மணலில் உள்ள ஈரமும் இதில் அடக்கம். ஆனால் வேலையிடத்தில் நடப்பது வேறு. கலவை தளதளவென்று ஓடினால் சட்டியில் அள்ளவும் பரப்பவும் சுலபம். ஆகவே சித்தாள் இன்னொரு குடம் ஊற்றுவார். கெட்டிக் கலவையைப் பரப்புவது கூடுதல் உழைப்பு என்பது மெய்யே. அதற்கு "வைப்ரேட்டர்" என்னும் அதிர்வுக் கருவி உண்டு. அதை வாடகைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். வைப்ரேட்டர் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீரால் செய்வித்தால், காலத்தில் அதன் விலையைத் தளமே கொடுக்கும்.

குடிக்கத் தகுந்த நீரே காங்கிரீட்டுக்கும் தகுந்தது. உவர்நீர்க் கிணறுள்ள ஊர்களில் கம்பி போட்ட வேலைக்கு அந்நீரை உபயோகித்தால் கம்பி துருப்பிடிக்கும்.

கம்பி

காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது; இழுப்பைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு வலுவே உடையது. தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்புறம் இழுபடுகிறது. இழுபடும் இடத்தில் இரும்புக் கம்பியை வைத்தால் அது இழுப்பை ஏற்றுக்கொள்ளும். இப்படிக் கம்பி போட்ட காங்கிரீட்டே "ஆர்.சி.சி.". பிரான்சு தேசத்தில் ஜோசப் மோனியே என்னும் தோட்டக்காரர் கம்பிவலை வைத்த செடித்தொட்டிகளுக்கு 1867-இல் உரிமை பதிந்தது இதன் ஆரம்பங்களுள் ஒன்று. பெரியாறு அணை தன் சொந்த எடையால் நிற்கும்படி கட்டப்பட்டதால் கம்பியில்லாமலே அமைந்தது. 1979-க்குப் பின் அதைப் பலப்படுத்தியபோது, மேலே ஆர்.சி.சி. மூடி போடப்பட்டது, உச்சியிலிருந்து அடிப்பாறை வரை எஃகு வடங்கள் இறக்கி இழுத்துக் கட்டப்பட்டன, பின்புறத்தில் காங்கிரீட் அணைவும் கொடுக்கப்பட்டது.

இழுப்பு எங்கே உண்டாகும் என்பதைப் பொறுத்துக் கம்பியின் இடம் மாறும். இரு சுவர்களின் மேல் கிடக்கும் தளத்தில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் "சன்ஷேடில்" முக்கியக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் அக்கம்பியின் மேல் மிதித்தால் அது கீழே அமர்ந்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முட்டுப் பிரித்த அன்றோ, பின்னொரு மழைநாளில் அதனடியில் ஆள் ஒதுங்கி நிற்கும்போதோ அது விழும். உயிர்ச்சேதம் உண்டாக்கக்கூடிய பிழை இது. ஆகையால் பார்த்திருப்பவர் அந்நேரத்தில் இடத்தை விட்டு அகலக்கூடாது.

கம்பியைச் சுற்றி வெளிப்புறம் வரையுள்ள காங்கிரீட்டின் கனம் "கவர்" எனப்படும். பொதுவாய்த் தளத்திற்கு முக்கால் அங்குலம், பீமுக்கு ஓர் அங்குலத்திற்குக் குறையாமல், தூணுக்கு ஒன்றரை அங்குலம், கடைக்காலுக்கு இரண்டு அங்குலம் வேண்டும். இதற்காகக் கம்பியின் கீழ் வைக்கும் சிறு கட்டிகள் "கவர் பிளாக்". அவை இல்லாவிடில் கம்பி பலகையின் மேலேயே படுத்துவிடும். பூச்சு மாத்திரமே அதை மூடியிருக்கும். அப்போது ஈரம் எட்டித் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்வதால், காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். பழைய தளங்களின் அடியில் பத்தை பத்தையாய் உதிர்ந்து கம்பி தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

"ரிங்" என்பது தூணிலும் பீமிலும் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். அதன் இடைவெளி பிளானில் எழுதியபடி இருக்க வேண்டும். கம்பி நிறுத்து விற்கப்படுகிறது. ஒரு மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் கம்பி சுமார் 395 கிராம், 10 மில்லிமீட்டர் 617 கிராம், 12 மில்லிமீட்டர் 888 கிராம், 16 மில்லிமீட்டர் 1,580 கிராம் எடை இருக்கும். ஒரு மீட்டர் துண்டை நிறுத்துப் பார்த்தால் சரக்கின் உண்மை விளங்கும்.

சென்ட்ரிங்கும் முட்டும்

காங்கிரீட்டை ஊற்றித் தாங்குவதற்காக அமைக்கும் பலகை அல்லது தகட்டு அமைப்பு "சென்ட்ரிங்". அதைத் தாங்கும் சவுக்குக் கம்பங்களோ இரும்புக் குழாய்களோ "முட்டு". பலகைகளின் இடுக்கு வழியே சிமெண்டுப் பால் ஒழுகினால் ஜல்லி மாத்திரம் மிஞ்சித் தேன்கூடு போல் பொந்து விழும். இதை மேஸ்திரிகள் "ஹனிகூம்" என்பர். மேலே பூசி மறைத்துவிடுவது எளிது; ஆகவே சென்ட்ரிங் பிரித்தவுடன், பூச்சுக்கு முன், பஞ்சாயத்தார் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

சாதாரண சிமெண்டில் போட்ட தளத்தின் முட்டை, இடைவெளி 15 அடிக்கு உட்பட்டதாயின் 7 நாளும், அதற்கு மேற்பட்டதாயின் 14 நாளும் எடுக்கலாகாது. 20 அடிக்கு உட்பட்ட பீமுக்கு 14 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 21 நாள். பி.பி.சி. சிமெண்டாயின் இன்னும் சில நாள் விடுவதைப் பற்றி எஞ்சினீயர் சொற்படி நடக்க வேண்டும். வாடகை ஏறுகிறது என்ற காரணத்தால் இந்நாட்களைக் குறைப்பது அறியாமை.

"காய்தல்" என்னும் சொல்லால் விளையும் கேடு

"காங்கிரீட் நன்றாய்க் காயட்டும்" என்று சொல்வது எங்கும் வழக்கம். இச்சொல்லால் நேர்ந்த நஷ்டம் மற்றெல்லாப் பிழைகளாலும் நேர்ந்ததைவிடக் குறைந்ததன்று. மண்சுவர் காய்ந்து கெட்டிப்படும். வறட்டி காய்ந்து கெட்டிப்படும். காங்கிரீட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. சிமெண்டும் நீரும் இரசாயன முறையில் சேர்வதாலேயே அது வலுப்பெறுகிறது. நீர் உள்ளவரை அச்சேர்க்கை நடக்கும். நீர் வற்றினால் அன்றே நின்றுவிடும்.

இதில் இரண்டு நிலைகள் உண்டு. நீர் விட்டபின் சிமெண்டு தன் குழைவை இழப்பது "இறுகுதல்". இது அரைமணி நேரத்திற்குப் பின் தொடங்கிவிடக்கூடும். ஆகவே கலந்ததை அதற்குள் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டு வேளைக்குப் பின் மீண்டும் நீர் ஊற்றிக் குழைத்த கலவை உதவாது. பின்னர் நாளுக்கு நாள் வலுவேறுவது "கெட்டிப்படுதல்". 7 நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வலு வரும். முழு வலு 28 நாளில் எனக் கணக்கு. இக்காலத்தில் ஈரம் காப்பதே "க்யூரிங்".

விதிகளின்படி சாதாரண சிமெண்டுக் காங்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், வெயில் மிகுந்த காலத்தில் 10 நாளும், சாம்பல் சேர்ந்த பி.பி.சி. சிமெண்டாயின் 14 நாளும் நனைவாய் வைத்திருக்க வேண்டும். சித்திரை, வைகாசி மாதத்து மதுரை வெயிலில் காலையிலும் மாலையிலும் ஒருமுறை தெளிப்பது போதாது. இடையில் தளம் காய்ந்துவிடும். தளத்தின் மேல் சாந்தால் சிறு வரப்பிட்டுப் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். தூண்களுக்குச் சாக்கு சுற்றி ஓயாது நனைக்க வேண்டும். நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை வயலில் நீர் வற்ற விடாத குடியானவர்க்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காங்கிரீட்டும் அவ்வாறே என்று தெரிவித்தால் போதும். இவ்வேலைக்குச் சிமெண்டும் வேண்டியதில்லை, கொத்தனாரும் வேண்டியதில்லை. ஆயினும் வேலை முடிந்துவிட்டதென்று எல்லாரும் கலைந்துபோகும் நாட்களில் வருவதால் இதுவே அதிகமாய் விடுபடுகிறது. ஒப்பந்தத்தில் க்யூரிங் யார் பொறுப்பு, எத்தனை நாள், தண்ணீர்ச் செலவு யாருடையது என்பவற்றை எழுதிவிட வேண்டும்.

ஒரு தளத்தின் கணக்கு

20 அடி நீளம், 10 அடி அகலம், 5 அங்குல கனமுள்ள தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 200 சதுர அடி, அதாவது 2 சதுரம். காங்கிரீட் சுமார் 83 கன அடி. உலர்ந்த சரக்குகள் நீருடன் கலந்து அமரும்போது சுருங்குமாகையால், ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக, சுமார் 128 கன அடிச் சரக்கு வேண்டும். 1:1½:3 கலவையில் மொத்தம் 5½ பங்கு. ஒரு பங்கு சுமார் 23¼ கன அடி. ஆகவே சிமெண்டு சுமார் 19 மூட்டை, மணல் 35 கன அடி, ஜல்லி 70 கன அடி ஆகும்.

இதே தளத்தை 1:2:4 கணக்கில் போட்டால் மொத்தம் 7 பங்கு. சிமெண்டு 15 மூட்டையில் முடிந்துவிடும். எஸ்டிமேட்டில் எம் 20 என்றிருக்க வேலையிடத்தில் 1:2:4 போடப்பட்டால், 4 மூட்டையின் விலை சங்கத்திற்கு நஷ்டம் என்பது சிறிய விஷயம். வலுக்குறைந்த தளத்தின் கீழ் அங்கத்தினரின் நெல் இருக்கப்போகிறது என்பதே பெரிய விஷயம். காங்கிரீட் போடும் நாளில் காலி மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது

கட்டிடம் தொடங்குமுன், எஸ்டிமேட்டைச் சங்கக் கூட்டத்தில் உரக்கப் படித்து, விளங்காத ஒவ்வொரு சொல்லுக்கும் எஞ்சினீயரிடமிருந்து பொருள் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வேலை நடக்கும்போது பஞ்சாயத்தாரில் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரு நோட்டில் அன்றாடம் வந்த மூட்டை, போட்ட மூட்டை, காங்கிரீட் போட்ட தேதி, முட்டுப் பிரித்த தேதி, நனைத்த நாட்கள் ஆகியவற்றை எழுதிவரச் செய்ய வேண்டும். வானத்தை மூடுமுன் ஒருமுறையும், கம்பி கட்டிக் காங்கிரீட் போடுமுன் ஒருமுறையும், சென்ட்ரிங் பிரித்துப் பூசுமுன் ஒருமுறையும் பஞ்சாயத்தார் கூடி நேரில் பார்வையிட வேண்டும். இம்மூன்று வேளைகளும் தவறினால், உள்ளே இருப்பதை அதன்பின் எவரும் காண இயலாது. அந்த நோட்டும் அளவுப் புத்தகமும் ஒத்துள்ளனவா என்று பார்த்தபின்பே பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

நேர்மையான மேஸ்திரிக்கு இதனால் யாதொரு இடைஞ்சலும் இல்லை. தம் வேலையின் அருமையை அறிந்து கவனிப்பவர் இருப்பதில் அவருக்குத் திருப்தியே உண்டாகும். கடன் கொடுக்கும்போது ஜாமீனைத் துருவி விசாரிக்கும் சங்கம், கட்டிடம் கட்டும்போதும் அவ்வாறே விசாரிப்பது நியாயம். பணம் இரண்டிலும் அங்கத்தினருடையதே.